உப்பளத்துப் பூநாரையும் கடலடிப் பாரும்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சராசரியாக 65 சென்டிமீட்டர் அளவுதான். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் நுழைந்து வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. கடற்கரை ஊர்களில் அதைக் கச்சான் என்பார்கள். ஆனியில் தொடங்கினால் ஆவணி வரை விடாமல் வீசும். வானம் பளிச்சென்று இருக்கும், தரை காயும், கிணறு உவர்க்கும். மழை என்று வருவது ஐப்பசி, கார்த்திகையில்தான், அதற்கும் கணக்கு வழக்கு கிடையாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ஓர் ஆண்டு மழையும் அதற்கு மேலும் ஒரே நாளில். தாமிரபரணிக் கரையெங்கும் வீடுகள் மூழ்கின, உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போனது.

இப்படிப்பட்ட கரையில் காட்டுயிர் பார்க்க வருகிறவர் எங்கே போகவேண்டும்? கேட்டால் பெரும்பாலும் கடலைத்தான் காட்டுவார்கள். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் சுமார் 140 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாக 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள், கடற்புல் வெளிகள், கடற்பசு, ஆமை. 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 560 சதுர கிலோமீட்டர் பரப்பு அது. கண்ணாடித் தரைப் படகு, முக்குளிப்பு, தீவில் ஒரு பகல் என்று சுற்றுலாத் திட்டம் யார் போட்டாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்தக் கரையின் இயற்கையைப் பார்க்க வருகிறவர் முதலில் கால் வைக்கவேண்டிய இடம் உப்பளம். அடுத்தது தேரி என்னும் செம்மணல் மேடு. கடல் கடைசியில்தான், அதுவும் கடல் இடம் கொடுக்கிற ஆண்டில் மட்டும். ஏன் என்று சொல்வதற்கே இந்த அத்தியாயம்.

உப்பளத்தைச் சுற்றுலா இடமாக யாரும் நினைப்பதில்லை. அது தொழிற்களம், தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி விளைகிற இடம், வெயிலில் கண் கூசும் வெள்ளை வெளி. ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் எழுதிய உப்பளத் தொழிலாளர் வாழ்வு இந்தக் கரையினுடையதுதான். ஆனால் உயிரியல் கண்ணோடு பார்த்தால், தமிழ்நாட்டில் ஒரு பகலுக்குள் நடந்தே இவ்வளவு வேறுபட்ட நீர்வாழ் உலகங்களைக் கடந்துவிட முடிகிற இடம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

கடல்நீரோ, நிலத்தடியிலிருந்து இறைக்கிற உவர்நீரோ, நேராகப் பாத்திக்கு வந்து உப்பாவதில்லை. முதலில் தெப்பம் என்னும் தேக்கத்தில் நிற்கும். பிறகு ஒன்றையடுத்து ஒன்றாக ஆழம் குறைந்த பாத்திகளில் வெயிலும் காற்றும் அதைச் சுண்டவைக்கும். எவ்வளவு சுண்டியது என்பதை அளக்க ஒரு மிதவைக் கருவி உண்டு, அளத்தில் அதை ‘டிகிரி’ பார்ப்பது என்பார்கள். கடல்நீர் மூன்று டிகிரி சுமாரில் இருக்கும். பதின்மூன்று டிகிரியைத் தாண்டும்போது ஜிப்சம் படியும். இருபத்தைந்து டிகிரியில்தான் சோற்றுப்பு மணி கட்டத் தொடங்கும். இந்த ஒவ்வொரு டிகிரிக்கும் தனித்தனிக் குடிகள் இருக்கின்றன. முதல் தெப்பத்தில் மீன் துள்ளும், நீர்க்காகமும் கொக்கும் அங்கேயே நிற்கும். நீர் சுண்டச் சுண்ட மீன் தாங்காது. மீன் இல்லாத இடத்தில் உப்பு இறால் பெருகும்.

உப்பு இறாலைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டாம். பத்துப் பதினைந்து டிகிரி நீரை உள்ளங்கையில் அள்ளி, முதுகுப்புறம் வெயில் விழும்படி நின்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, இறகு இறகான கால்களை ஓயாமல் அசைத்தபடி மல்லாந்தே நீந்தும் உயிர் தெரியும். ஆர்ட்டீமியா என்பது அதன் அறிவியல் பெயர். தூத்துக்குடி அளங்களில் வாழ்கிற வகையில் ஆணே தேவையில்லை, பெண் தானாகவே இனத்தைப் பெருக்கிக்கொள்ளும். நீர் வற்றி உப்பு தாங்கமுடியாத அளவுக்கு ஏறினால், அது குஞ்சு பொரிப்பதை நிறுத்திவிட்டுத் தடித்த ஓடுள்ள முட்டைகளை விடும். அவை காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மழை வந்து நீர் இளகியதும் பொரிக்கும். கருவுக்குள் உயிர் இயக்கம் ஏறக்குறைய நின்றுபோய், நீர் பட்டதும் மறுபடி ஓடத் தொடங்குகிறது. பாலைவனத்தில் பிழைக்கிற உயிர்களெல்லாம் காலத்தைக் கடக்க ஏதாவது ஒரு வழி வைத்திருக்கும். இதனுடைய வழி இந்த முட்டை.

உப்பு இறால் தின்பது நுண்பாசியை. அதிக உப்பில் வாழும் துனாலியெல்லா என்னும் ஒற்றைச்செல் பாசி, வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் காரட்டில் இருக்கிற அதே வகை நிறமியைத் தன்னுள் சேர்த்துவைக்கும். உப்பு மணி கட்டும் கடைசிப் பாத்திகள் சில நாட்களில் இளஞ்சிவப்பாகத் தெரிவதற்கு இதுவும் இதனோடு வாழும் நுண்ணுயிர்களுமே காரணம். அந்தச் சிவப்பு, வெயிலின் வெப்பத்தை நீர் கூடுதலாக உறிஞ்ச உதவுகிறது, நீர் விரைவாகச் சுண்டுகிறது. உப்பு இறால் பாசியைத் தின்று நீரைத் தெளியவைத்தால் உப்பும் வெள்ளையாக வரும். ஆக, அளத்தில் வேலை செய்கிறவர்களோடு சேர்த்துக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டமும் அங்கே உப்பு விளைவிக்கிறது.

அந்த நிறமி அங்கேயே நிற்பதில்லை. பாசியிலிருந்து இறாலுக்கும், இறாலிலிருந்து பூநாரைக்கும் போகிறது. மழைக்காலம் முடிந்து தெப்பங்கள் நிறைந்திருக்கும் மாதங்களில் பெரும் பூநாரைகள் கூட்டமாக இங்கே இறங்குகின்றன. நாலடிக்கும் மேல் உயரம். இறக்கை விரிக்கும்வரை வெள்ளையாகவே தெரியும், விரித்தால் செம்மையும் கருமையும் பளீரென்று வெளிப்படும். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள். அவை இன்னும் போதுமான அளவு இறால் தின்னவில்லை, நிறம் ஏற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பூநாரை தின்னும் முறையைத் தொலைநோக்கியில் பொறுமையாகப் பார்க்கவேண்டும். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீருக்குள் விடும், மேலலகு கீழே போய்விடும். தடித்த நாக்கு வினாடிக்குப் பலமுறை முன்னும் பின்னும் அசைந்து சேற்று நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் வரிவரியாக இருக்கும் மெல்லிய தகடுகள் சல்லடையாக நின்று இறாலையும் புழுவையும் தடுத்துவைக்கும். பெரும்பாலான பறவைகளுக்குக் கீழலகுதான் அதிகம் அசையும். பூநாரைக்கு மேலலகையும் நன்றாக அசைக்க முடியும், கவிழ்ந்து தின்பதற்கென்றே அமைந்த உடல் அது.

பூநாரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. வரப்போரமாகக் கைப்பிடி அளவில், மண் நிறத்தில் ஓடி ஓடி நிற்கிற உப்புக்கொத்தியைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முட்டையிட்டுக் குடியிருக்கும் சிறு உப்புக்கொத்தியை, ஐரோப்பா முதல் ஆசியா வரை பரவியிருக்கும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளையாகவே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது தனிச் சிற்றினம் என்று 2023-ல் ஆய்வாளர்கள் நிலைநாட்டினார்கள். இராமர் பாலத்துக்கு இரு பக்கமும் வாழ்வதால் அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். கூடு என்று எதுவும் கட்டாது. காய்ந்த தரையில் லேசாகக் குழித்து இரண்டு மூன்று முட்டை. வெயில் ஏறினால் முட்டை வெந்துவிடும் என்பதால் இவ்வகைப் பறவைகள் தண்ணீரில் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். நிழலே இல்லாத வெளியில் பிள்ளை வளர்க்க அவை கண்டுபிடித்த உபாயம். வரப்பைவிட்டு இறங்கி நடக்கிற ஒருவர், தாம் மிதித்தது முட்டையென்று தெரியாமலே போய்விடக்கூடும்.

உப்பளத்தை முதலிடத்தில் வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. உப்பு வாரும் பருவம் தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசியோடு ஓயும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு இப்போது 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. வலசைப் பறவைகள் வந்து சேர்வதும் அதே மாதங்களில்தான். எந்தத் தெப்பத்தில் எத்தனை டிகிரி, எந்த வரப்பு இடியும், எந்தப் பாத்தியில் பறவை இறங்கும் என்று அறிந்தவர்கள் வேலையின்றி வீட்டில் இருக்கும் காலமும், அந்த அறிவு வெளியூர்க்காரருக்குத் தேவைப்படும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. அளத்துக்காரர்களையே வழிகாட்டிகளாக வைத்துப் பறவை நடை நடத்தினால் புதிதாகக் கட்டவேண்டியது எதுவுமில்லை. கோபுரம் வேண்டாம், ஓட்டல் வேண்டாம். வரப்பு இருக்கிறது, லாரி போகும் பாதை இருக்கிறது. வெயிலுக்கு ஓர் ஓலைப் பந்தலும், குடிக்கத் தண்ணீரும், பெண்களுக்குக் கழிப்பறையும் போதும். கழிப்பறை வந்தால் வேலைநாட்களில் அளத்துப் பெண்களுக்கும் அது உதவும், இத்தனை தலைமுறையாக அவர்கள் அது இல்லாமல்தான் உழைத்திருக்கிறார்கள்.

உப்பளத்திலிருந்து தெற்கே, தாமிரபரணியைத் தாண்டித் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனால் நிலம் சிவக்கும். அதுதான் தேரி. குதிரைமொழித் தேரியின் மேட்டில் நின்றால் நான்கு பக்கமும் செம்மணல் அலைகள்தான். இந்த மணல் ஏன் சிவப்பு? ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கழுவித் தேய்த்தால் உள்ளே இருக்கும் படிகக்கல் துகள் வெளுத்துத் தெரியும். சிவப்பு வெறும் மேற்பூச்சு, இரும்பு ஆக்சைடும் களிமண்ணும் சேர்ந்த ஒரு மெல்லிய படலம். உள்நாட்டுச் செம்மண்ணையும் கரையோர மணலையும் கச்சான் காற்று அள்ளி அள்ளிக் குவித்து, பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கிய மேடுகள் இவை. பழைய தேரிகளின் அடியில் மணல் இறுகிக் கல்லாகத் தொடங்கியிருக்கிறது. அங்கே கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-ல் விரிவாக எழுதினார்கள். நகத்தளவு கல்லை அம்பு முனையாகச் செதுக்கிய மனிதர்கள் இந்த மணலில் வேட்டையாடி, அருகிலிருந்த கடலில் மீனும் பிடித்து வாழ்ந்திருக்கிறார்கள். தேரியில் நடக்கும்போது காலடியில் தென்படும் பளபளப்பான கல் சில்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாமல் அங்கேயே விட்டு வரவேண்டியது இதனால்தான். கிடந்த இடத்தைவிட்டு எடுத்தால் அது வெறும் கல்தான், காலம் சொல்லும் சான்று ஆகாது.

பாலைவனம் மாதிரித் தெரிந்தாலும் தேரி நீரைச் சேமிக்கிற நிலம். பெய்கிற மழை வழிந்தோடாமல் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள களிமண் தளத்தில் தங்கும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுற்றிலும் தேரி காய்ந்து கிடக்க நடுவே சுனை இருப்பது இப்படித்தான். பனைமரமும் இந்த நீரை நம்பித்தான் நிற்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் கிடைத்த புவிசார் குறியீட்டுக்குப் பின்னால் இந்த மணலும் இந்த நீரும் இருக்கின்றன.

தேரியின் விலங்குகள் பெரியவை அல்ல. விசிறித்தொண்டை ஓணான் ஒன்று போதும், அரைநாள் பார்க்கலாம். ஆண், சிறு மேட்டிலோ சுள்ளிமேலோ ஏறி நின்று தொண்டைப் பையை விசிறியாக விரித்து மடக்கும், இன்னோர் ஆணுக்கு அது எச்சரிக்கை, பெண்ணுக்கு அழைப்பு. துரத்தினால் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னங்கால்களில் மட்டும் ஓடும். தென்தமிழ்நாட்டிலிருந்து 2016-ல் விவரிக்கப்பட்ட ஒரு சிற்றினத்துக்கு ஆய்வாளர்கள் மருதம்நெய்தல் என்றே பெயர் சூட்டினார்கள், வயலுக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட நிலத்தில் அது வாழ்வதால். வெளிமான் பார்க்கவேண்டுமென்றால் இன்னும் உள்ளே, வல்லநாட்டுக் குன்றுக்குப் போகவேண்டும். 1987-ல் அமைந்த அந்தச் சரணாலயம் 16 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி அதுவே.

தேரிக்கு இப்போது வேறொரு கூட்டம் வரப்போகிறது. குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஏவும் நாட்களில் ஆயிரக்கணக்கானோர் பார்க்க வருவார்கள். மணல்மேடுதான் நல்ல பார்வையிடமாக இருக்கும். மணலை ஓரளவு பிடித்துவைத்திருப்பது கோரையும் முட்புதரும் பனையும்தான். ஜீப்பும் பைக்கும் ஏறி அந்தச் செடிகளை அரைத்துவிட்டால் அடுத்த கச்சானில் மேடு நகரும், பக்கத்துத் தோட்டத்தை மூடும். எங்கே நிறுத்துவது, எங்கே நடப்பது என்பதை முதல் ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே தீர்மானித்துவிடவேண்டும்.

இனிக் கடல்.

வறண்ட கரைக்கும் பவளப்பாறைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பெரிய ஆறு சேற்றைக் கொண்டுவந்து கொட்டும் இடத்தில் பவளம் வாழாது. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு வெளிச்சம் வேண்டும், அந்தப் பாசி சமைக்கும் சர்க்கரைதான் பவளத்தின் பெரும்பகுதி உணவு. செங்கடலில் பாலைவனத்தை ஒட்டியே உலகின் புகழ்பெற்ற பவளப்பாறைகள் இருப்பதற்கும் இதுவே காரணம். மன்னார் வளைகுடாவில் இதுவரை 117 பவளச் சிற்றினங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் செங்கடலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே முப்பது மீட்டர் தூரம் துல்லியமாகத் தெரியும் நீர், செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர். இங்கே பாறைகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே, திட்டுத் திட்டாக இருக்கின்றன. காற்றடித்தால் நீர் கலங்கும். நீந்தத் தெரியாதவர் நின்றுகொள்ளக் கால் தேடினால் கால் படுவது பவளத்தின்மேல்தான். ஆழமும் அகலமும் உள்ள எகிப்தியக் கடலிலேயே, ஹுர்காடாவில் ஓட்டல்களுக்காகப் பாறைமேடையை மண்கொட்டி நிரப்பியும் படகு நங்கூரங்களாலும் பெரும் சேதம் விளைந்தது. அங்குள்ள முக்குளிப்புத் தொழில்காரர்களே 1992-ல் ஒன்றுசேர்ந்து, நங்கூரம் போடாமல் படகைக் கட்டிவைக்க மிதவைகளை அமைக்கத் தொடங்கினார்கள். தொழில் நடத்துகிறவர்களே அந்த வேலையைச் செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

நம் தீவுகள் ஏற்கெனவே ஒரு பெரிய அடி வாங்கியவை. தூத்துக்குடியை ஒட்டி வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி என்று நான்கு. பல பத்தாண்டுகள் அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறையைப் பெயர்த்தெடுத்துச் சுண்ணாம்புச் சூளைக்கும் கார்பைடு தொழிலுக்கும் அனுப்பினார்கள். 2001-ல் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, 2005-ல்தான் கல்லெடுப்பு உண்மையில் நின்றது. அலையின் வேகத்தை முறித்துக்கொண்டிருந்த பாறை போனதும் அலை நேராகத் தீவின் மணலில் மோதியது. விலாங்குசல்லி கடலுக்குள் போய்விட்டது. 1969-ல் சுமார் 20 ஹெக்டேராக இருந்த வான்தீவு 2015-ல் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே சுருங்கியது. அதற்குப் பிறகு தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து வடிவமைத்த, துளைகள் கொண்ட கான்கிரீட் செயற்கைப் பாறைகளைத் தீவுக்கு முன்னால் வரிசையாக இறக்கினார்கள். அலை தணிந்து மணல் திரும்பச் சேரத் தொடங்கியது. பக்கத்தில் மீன் கூடியது, கான்கிரீட்டில் பவளக் குஞ்சுகள் ஒட்டின. அரும்பாடு பட்டுப் பிழைக்கவைத்திருக்கும் இரண்டு மூன்று ஹெக்டேர் மணல் திட்டில் பொங்கல் விடுமுறைக் கூட்டத்தை இறக்க முடியாது. காணும் பொங்கலன்று கூடிக் குதூகலிக்க, துறைமுகத்தோடு சேர்ந்துவிட்ட முயல்தீவு இருக்கிறது. அது அப்படியே தொடரட்டும்.

கூட்டத்தைவிடவும் கவலை தருவது காலம். பவளம் பொறுத்துக்கொள்ளும் வெப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. இங்கே கடல்நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி வாரக்கணக்கில் நீடித்தால், பவளம் தனக்குள் இருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். வெப்பம் தணிந்தால் பாசி திரும்பும், தணியாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். 2016-ல் நடந்தது இதுதான். மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்குச் சரிந்தது. வெளுப்பு தலைகாட்டும் மாதங்கள் ஏப்ரல், மே, ஜூன். பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை, குடும்பங்கள் கிளம்பும் மாதங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, கையில் வருமானம் இல்லாத காலம், யாராவது ஆள் ஏற்றச் சொன்னால் மறுக்க மனம் வராது. பயணிகளும் படகுகளும் தயாராக இருக்கும் அதே வாரங்களில் பவளம் மிக நலிந்து கிடக்கும். சுற்றுலாவின் நாள்காட்டியைக் கடலின் நாள்காட்டிக்கு மாற்றாமல் எந்தத் திட்டமும் இங்கே சரிப்படாது.

அந்த நாள்காட்டி நமக்குப் புதியதும் அல்ல. முத்துக்குளிப்பு அப்படித்தான் நடந்தது.

முத்துச்சிப்பி வாழும் கடலடிப் பாறைத்தட்டுக்குப் பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு வெளியே 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் பல பார்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, தொள்ளாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. சிப்பிக் குஞ்சு ஓர் ஆண்டு கோடிக்கணக்கில் ஒட்டும், அடுத்த ஆண்டு தடயமில்லாமல் போகும். நீரோட்டம் மாறினால் மணல் மூடும், மீனும் நட்சத்திர மீனும் தின்னும். ஒட்டிய சிப்பி முத்துத் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதனால் கொற்கைக் காலத்திலிருந்து பெயர்பெற்ற இந்தத் தொழிலில் ஆண்டுதோறும் குளிப்பு என்பதே கிடையாது. முதலில் பார் பார்ப்பார்கள். முக்குளிப்பவர்களை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வயதையும் அளவையும் கணித்து, அழுகவைத்துக் கழுவி, ஆயிரம் சிப்பிக்கு என்ன மதிப்புள்ள முத்து என்று வியாபாரிகளைக் கொண்டு விலை வைப்பார்கள். சிப்பி இளசு என்றால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. முற்றியது என்றால்தான் அறிவிப்பு வரும். எந்தப் பார், எந்தத் தேதி, எத்தனை படகு என்பதெல்லாம் அதில் இருக்கும். வாடைக்காற்று அடங்கி, கச்சான் எழும்புவதற்கு முன் கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி, சித்திரைதான் பருவம். பரதவரும், கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம்களும், அரபுக் கரையிலிருந்து வந்தவர்களும் குளித்தார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கு.

பார் பார்ப்பதை ஒதுக்கிவிட்டு நம்பிக்கையில் பணம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அக்கரையில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. இலங்கையின் மரிச்சுக்கட்டியில் 1905-ல் நடந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். ஆளரவமற்ற மணல்கரையில் பல்லாயிரம் பேர் கொண்ட ஓலை நகரம் சில வாரங்களுக்கு முளைத்தது. அந்த விளைச்சலில் மயங்கி அடுத்த ஆண்டே ஓர் ஆங்கிலக் கம்பெனி பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு பார்கள் விளையவில்லை, கம்பெனி கலைந்தது. நம் பக்கம் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து குளிப்பு நடந்தது, அதுவே கடைசி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். இயற்கைப் பார்களோ இன்றுவரை குளிப்புக்குத் தேறவில்லை, தேறாதபோது யாரும் குளிக்கவும் இல்லை.

பவளப்பாறைக்கு மனிதரை அழைத்துப் போவதற்கும் இந்த முறையே தேவை. ஆண்டுதோறும் தை மாதத்தில் பாறை பார்க்கவேண்டும். சென்ற கோடையில் எந்தத் திட்டு வெளுத்தது, எது மீண்டது, எங்கே கைவிடப்பட்ட வலை சிக்கியிருக்கிறது, எங்கே குஞ்சுகள் ஒட்டியிருக்கின்றன என்று பதிவு செய்து, தேறிய திட்டை மட்டும், மாசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை, இத்தனை படகு, இத்தனை பேர் என்று அறிவிக்கவேண்டும். எதுவும் தேறவில்லை என்றால் அந்த ஆண்டு கடல் மூடியிருக்கும். மூடினால் வருமானம் போகுமே என்பார்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை ஒருநாளைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து சீரழித்தபின் 2018-ல் மூடினார்கள். 2022 ஜனவரியில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துத் திறந்தபோது அங்கே கருமுனைச் சுறாக்கள் திரும்பியிருந்தன. அவ்வளவு பெரிய சுற்றுலாத் தொழில் உள்ள நாடு மூடத் துணிந்தது. இங்கே இன்னும் தொழிலே பெரிதாகத் தொடங்கவில்லை, முதலிலிருந்தே சரியாகத் தொடங்க முடியும்.

பாறை பார்க்க ஆட்கள் இல்லையா என்றால், போதுமான அளவு இங்கேயே இருக்கிறார்கள். கடல் ஆராய்ச்சி நிலையங்கள், மீன்வளக் கல்லூரி, வனத்துறையின் உயிர்க்கோளக் காப்பகப் பிரிவு எல்லாம் ஊருக்குள்ளேயே உள்ளன. அவர்களோடு சேர்க்கவேண்டியவர்கள் சங்கு குளிப்பவர்கள். முத்து போனபின்னும் சங்கு நிற்கவில்லை. காற்றுச் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி இறங்கி, மணலில் சங்கு ஊர்ந்த தடத்தைக் கண்டு எடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 57 மில்லிமீட்டர் வளையத்தில் நுழைந்து விழுகிற சிறு சங்கைத் திரும்பக் கடலில் விடவேண்டும் என்ற அளவுக் கட்டுப்பாடு இந்தத் தொழிலில் நெடுங்காலமாக உண்டு. எந்தத் திட்டில் கடற்புல் அடர்த்தி, எங்கே ஆவுளியா என்று அவர்கள் சொல்லும் கடற்பசு மேய்ந்த தடம் கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கடற்பசுவைக் காட்டுவதாக மட்டும் எந்தப் படகும் விளம்பரம் செய்யக்கூடாது. எண்ணிக்கையில் அருகிவிட்ட, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய விலங்கை இயந்திரப் படகு துரத்தினால் அது மேய்ச்சலை விட்டு ஓடும்.

கடலோரத்து மனிதர்கள் இதற்குச் சம்மதிப்பார்களா என்று ஐயப்படுகிறவர்கள் மணப்பாட்டை நினைத்துப் பார்க்கலாம். 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழிக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 1973-லும் இதே கடற்கரைப் பகுதியில் 147 ஒதுங்கியிருக்கின்றன. பைலட் திமிங்கலம் கூட்டத்தைப் பிரியாத விலங்கு. ஒன்று நோயுற்றோ வழிதவறியோ கரைக்கு வந்தால் மற்றவை விட்டுப்போகாது, இழுத்துக் கொண்டுபோய் ஆழத்தில் விட்டாலும் திரும்பி வரும். மீனவர்கள் தங்கள் படகுகளில் கயிறு கட்டி ஒவ்வொன்றாக இழுத்துப் போனார்கள், திரும்பி வந்தவற்றை மறுபடி இழுத்தார்கள். நாற்பதுக்கும் மேல் இறந்தன, மற்றவை கடலுக்குப் போயின. அந்த வேலைக்கு அவர்களை யாரும் கூலிக்கு அமர்த்தியிருக்கவில்லை.

ஆக, செய்யவேண்டிய வேலை வரிசையாகத் தெரிகிறது. வருகிற ஐப்பசியில் உப்பளத்தில் நான்கைந்து தெப்பக்கரைகளைத் தேர்ந்தெடுத்து, அளத்துக்காரர்களில் விருப்பமுள்ளவர்களுக்குத் தொலைநோக்கியும் பறவைக் கையேடும் கொடுத்துத் தொடங்கலாம். தேரியில் நடைபாதை ஒன்றும் வண்டி நிறுத்தும் இடமும் குறிக்கலாம். கடலுக்கு அவசரம் வேண்டாம். முதல் மூன்று ஆண்டுகள் யாரையும் ஏற்றாமல், சங்கு குளிப்பவர்களும் ஆய்வாளர்களும் ஒரே படகில் போய்ப் பாறை பார்த்து, முடிவுகளை மீன்பிடித் துறைமுகத்தின் பலகையில் தமிழில் எழுதிப் போடட்டும். எந்தத் திட்டு எப்படி இருக்கிறது என்று ஊர் படித்துப் பழகிய பிறகு, நான்காம் ஆண்டு மாசியில் படகு கிளம்பலாமா என்பதை அந்தப் பலகையைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.